பருவும் பருவமும்

பரு என்னும் சொல்லும் பருவம் என்னும் சொல்லும் ஒலியால் அயலவை. இவ்விரண்டின் வேரும் ஒன்றா என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் தீர்க்க வேண்டிய வினா. ஆயின், பருவம் வந்ததும் பருவும் வந்துவிடுகின்றது என்பதை அறிய எந்த ஆய்வும் வேண்டியதில்லை. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை இதனைச் சிறுநோய்களின் வரிசையிலே வைத்து, 'முகதூஷிகை', அதாவது முகத்தைக் கெடுப்பது, என்று பெயரிடுகின்றது. 'யௌவன பிடகை', இளமைக் கொப்புளம், என்னும் பெயரும் ஆயுள்வேதத்தில் உண்டு. மேனாட்டு மருத்துவர் வழங்கும் 'அக்னே' என்னும் சொல்லோ, உச்சியையும் இளமையின் முழுமையையும் குறிக்கும் 'அக்மே' என்ற கிரேக்கச் சொல், ஏடு பெயர்த்து எழுதியோரின் கைப்பிழையால் திரிந்த வடிவம் என்பர். பெயரிட்டோர் எல்லோரும் இளமையையோ முகத்தையோ கண்டிருக்கின்றனர். சிறுநோய் என்று சுசுருதர் வகுத்ததும் உடலளவில் பொருந்துவதே. பருவினால் எவரும் இறப்பதில்லை; காய்ச்சல் இல்லை; கை கால் முடங்குவதில்லை. அவ்வாறாயின் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இதன்பொருட்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாது படுத்திருப்பது ஏன் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

நோயின் இயல்பை முதலில் சுருக்கமாக அறிதல் நன்று. கட்டிளமைப் பருவத்தில் அந்திரசன் எனப்படும் ஓமோன்கள் ஆண், பெண் இருபாலாரிலும் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மயிர்ப்புடைப்புகளை ஒட்டியுள்ள நெய்ச்சுரப்பிகள் பருத்து, நெய்யை மிகுதியாகச் சுரக்கின்றன. அதே வேளையில், புடைப்பின் வாயிலில் உள்ள தோற்கலங்கள் இயல்பாக உதிர்ந்துபோகாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நெய் வெளியேறும் வழி அடைபடுகின்றது. அடைபட்ட நெய்யிலே, எல்லாருடைய தோலிலும் இயல்பாக வாழும் பற்றீரியா வகை ஒன்று பெருகுகின்றது. நெடுங்காலம் புரொப்பியோனிபற்றீரியம் என வழங்கிய அதற்கு 2016 இல் கியூட்டிபற்றீரியம் என்று புதுப்பெயர் சூட்டினர். உடல் அதற்கு எதிராகக் கிளர்ந்தெழும்போது அழற்சி தோன்றி, இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகின்றது. முகம், முதுகு, மார்பு ஆகிய இடங்களில் நெய்ச்சுரப்பிகள் செறிந்திருப்பதால் பருவும் அவ்விடங்களையே நாடுகின்றது. மேலைநாட்டுக் கணக்குகளின்படி 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டோரில் நூற்றுக்கு 85 பேர் அளவில் இதனை ஓரளவேனும் அனுபவிக்கின்றனர். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு உரியது; எனினும் அவ்வொவ்வொருவரும் தமக்கு மட்டுமே நேர்ந்ததாக எண்ணுவர்.

இந்த விளக்கத்தில் அழுக்கு என்னும் சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மூக்கின்மேல் தோன்றும் கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. தோலின் நிறப்பொருளாகிய மெலனினும், காற்றுப்பட்டு ஒட்சியேற்றம் அடைந்த நெய்யுமே அவ்வாறு தோன்றுகின்றன. ஆயினும் பரு வந்த பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை, "முகத்தை வடிவாக் கழுவு" என்பதேயாம். அறிவுரை அன்பினால் வருவது. அதனுள் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கின்றது. பிள்ளை நாளுக்கு ஏழெட்டுத் தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்க்கின்றது. தோல் காய்ந்து, எரிந்து, மேலும் சிவக்கின்றது. கழுவியும் போகாத ஒன்றைத் தன் உடம்பிலேயே சுமப்பதாக ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால், அந்நம்பிக்கை தோலோடு நிற்பதில்லை.

இனி, இப்பருவத்தின் மனத்தை நோக்குவோமாயின், தான் யார் என்னும் வினா முதன்முதலாக முழு வலுவுடன் எழும் காலம் இது. எரிக் எரிக்சன் என்னும் உளவியலாளர் இதனை அடையாளத்தைத் தேடும் காலம் எனக் கண்டார். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைன்ட் 1967 இல் எழுதிய கட்டுரையொன்றில், கட்டிளமைப் பருவத்தினர் எந்நேரமும் ஓர் அவையின் முன் நிற்பவராகவே தம்மை உணர்கின்றனர் என்றும், அந்த அவையை அவர்கள் தம் மனத்தாலேயே படைத்துக்கொள்கின்றனர் என்றும் விளக்கினார். தான் தன்னைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பதால் பிறரும் தன்னைப் பற்றியே எண்ணுவதாக அவ்வயதினர் கருதுவர் என்பது அவர் கொள்கை. இதனை வேறொரு வகையில் சோதித்தவர்களும் உளர். 2000 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பல்கலைக்கழக மாணவர் சிலரை, அணிவதற்கு அவர்களே கூச்சப்படும் பாடகர் ஒருவரின் படம் பொறித்த மேற்சட்டையை அணிந்து பிறர் இருந்த அறையினுள் சென்றுவரச் செய்தனர். அறையில் இருந்தோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அவர்கள் மதிப்பிட்டனர். உண்மையிற் கவனித்தோர் காற்பங்கு அளவினரே.

இவ்வாய்வுகள் ஆறுதல் தருவன. ஆனால் எங்கள் ஊர்களுக்கு அவற்றை அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எல்கைன்ட் கூறிய அவை கற்பனையானது. அது வாய் திறந்து பேசுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டின் அவையோ வாய் திறந்தே பேசும். "என்ன தம்பி, முகத்துக்கு என்ன நடந்தது? உறைப்புக் கூடவோ சாப்பிடுறனீ?" என்று பந்தியில் இருக்கும் பெரியப்பா உரத்துக் கேட்பார். அவர் கெட்டவரல்லர். மெலிந்தால் மெலிந்தாய் என்றும், கறுத்தால் கறுத்தாய் என்றும் கண்டவுடன் சொல்வது அக்கறையின் அடையாளம் என்றே அவர் தலைமுறை பழகியிருக்கின்றது. பத்துப் பேர் திரும்பிப் பார்க்கின்றனர். கேட்டவர் அடுத்த கறிக்கு இலையை ஒழுங்கு செய்யும்போதே கேட்டதை மறந்துவிடுகின்றார். கேட்கப்பட்டவன் அடுத்த கலியாணத்துக்குப் போவதில்லை.

அவ்வாறு போகாதுவிட்ட ஒருவனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறலாம். வடபுலத்துக் கல்லூரி ஒன்றின் உயர்தர வகுப்பு மாணவன் அவன். ஒன்பதாம் வகுப்பு முதலே தமிழ் விவாத அணியில் இருந்தவன். குரலும் சொல்லும் கைவரப்பெற்றவன். மாவட்டப் போட்டிகளில் எதிரணியினர் அவன் பெயரைக் கேட்டுத் தயாராவர். பதினேழாம் வயதில் அவன் கன்னங்களிலும் நெற்றியிலும் பருக்கள் தோன்றின. சிறு பருக்கள் அல்ல. ஆழத்தில் கட்டியாகக் கிடந்து, தொட்டால் நோவெடுத்து, ஆறினாலும் குழி விட்டுப்போகும் வகை. முதலில் அவன் வீட்டுக் கண்ணாடியின் முன் நெடுநேரம் நின்றான். பின்னர் கண்ணாடியையே தவிர்த்தான். மூன்று பக்கமும் கண்ணாடி பதித்த சிகையலங்கார நிலையத்தில் கால் மணி நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், தலைமயிர் வெட்டப் போவதை நிறுத்தினான். மயிர் வளர்ந்து நெற்றியை மறைத்தது. அதனால் ஓர் ஆறுதலும் கிடைத்தது. ஆனால் கல்லூரியில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் அதனைச் சினிமா நாகரிகம் என்று கண்டார். காலைக் கூட்டத்தின்போது வரிசையிலிருந்து வெளியே அழைக்கப்பட்டு, மயிரை மேலே கோதிப் பிடித்தபடி எல்லார் முன்னிலையிலும் அவன் நிறுத்தப்பட்டான். எதை மறைக்க அவன் மயிர் வளர்த்தானோ, அதனைக் கல்லூரி முழுவதும் பார்க்கும்படி ஆயிற்று. ஆசிரியருக்கு அது தெரியாது. அவனும் சொல்லவில்லை.

அவ்வாண்டின் அரையிறுதி விவாதத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் தனக்குத் தொண்டை நோவென்று அவன் விலகிக்கொண்டான். பொறுப்பாசிரியர் இதனைச் செருக்கு என எண்ணி வருந்தினார். கீழ்வகுப்புப் பையன் ஒருவன் அவசரமாக அவன் இடத்தில் நிறுத்தப்பட்டான், அணி தோற்றது. நண்பர்கள் சில நாள் அவனோடு பேசவில்லை. மேடை விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்போது கன்னத்தின் மேடு பள்ளங்கள் எல்லாம் நிழல் விடும் என்பது அவன் அச்சம். இதனை எவரிடம் சொல்வது? பெண்பிள்ளை என்றால் வீட்டில் ஒருவராவது முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பர். தந்தையார் ஒருமுறை, "ஆம்பிளைப் பிள்ளைக்கு முகமென்ன முகம்? படிக்கிற அலுவலைப் பார்" என்று கூறிவிட்டு வானொலிச் செய்தியில் ஆழ்ந்துவிட்டார். ஆண்பிள்ளை தன் அழகைப் பற்றிக் கவலைப்படுதல் ஆண்மைக்கு இழுக்கென்னும் எண்ணம் அவனுடைய வாயைப் பூட்டியது. நோவு ஒன்று, அதைச் சொன்னால் வரும் நாணம் மற்றொன்று.

அம்மம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தார். அக்கா பச்சைப்பயற்று மாவைத் தேசிப்புளியில் குழைத்துப் பூசச் சொன்னாள். (தேசிப்புளி பூசிய தோலில் வெயில் பட்டால் எரிந்து கறுக்கும் என்பதை அறிந்தோர் சிலரே.) நண்பன் ஒருவன் இரவில் பற்பசை வைக்கச் சொன்னான். இறுதியில் மருந்துக்கடையிலே, வைத்தியரின் சீட்டு எதுவுமின்றி, சிறிய குழாய் ஒன்றில் அடைத்த களிம்பு கிடைத்தது. அது ஸ்ரீரொயிட் கலந்த களிம்பு. பத்தே நாளில் முகம் தெளிந்தது, சிவப்பு அடங்கியது. அவன் மயிரை வெட்டிக்கொண்டான். நண்பர்களோடு கிரிக்கெட் ஆட்டம் பார்க்கவும் போனான். ஸ்ரீரொயிட் அழற்சியை அடக்குமேயன்றிப் பருவின் காரணத்தைத் தொடாது. நாட்பட்டால் அதுவே பருவை வருவிப்பதோடு தோலையும் மெலிவிக்கும். மூன்றாம் மாதத்தில் முன்னிலும் மோசமாகப் பருக்கள் எழுந்தன. களிம்பை நிறுத்திய நாளில் முகம் நெருப்பாய் எரிந்தது. அவனுக்குக் கிடைத்த அந்தச் சில வார மகிழ்ச்சி பறிபோனதே முதல் துன்பத்திலும் கொடிதாயிற்று என அவன் தாயார் பின்னர் கூறுவதுண்டு.

அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு அவனை அழைத்துச் சென்றவர் அத்தாயாரே. வரிசையில் நெடுநேரம் காத்திருந்தபின் கிடைத்த சில நிமிடங்களில், வைத்தியர் முகத்தைப் பார்த்தார், களிம்புக் குழாயை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தார், பின்னர், "இரவில நல்லா நித்திரை கொள்ளுறனீங்களோ?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேளாத கேள்வி அது. பதினேழு வயது இளைஞன் விம்மி அழுதான். தாயார் திகைத்துப்போனார். மகன் எட்டு மாதமாக ஒழுங்காக உறங்கவில்லை என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். சிகிச்சை ஏழு மாதம் நீடித்தது. பருக்கள் அடங்கின, குழிகள் சில எஞ்சின. விவாத மேடைக்கு அவன் திரும்பவில்லை. திரும்பக்கூடிய மனநிலை வந்தபோது பள்ளிப் பருவம் முடிந்துவிட்டது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு வகையிற் கடினமானது. எங்கள் சமூகத்தில் ஒரு பெண்ணின் முகம் அவளுக்கு மட்டும் உரியதாகக் கருதப்படுவதில்லை. சாமத்தியச் சடங்கு பெரும்பாலும் பரு தலைகாட்டும் வயதை ஒட்டியே நிகழ்கின்றது. சேலை உடுத்தி, நகை பூட்டி, நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் இருத்தி, படப்பிடிப்பாளர் நெருங்கி நின்று எடுக்கும் படங்கள் பேரேடு போன்ற தொகுப்பில் வாழ்நாள் முழுவதும் கிடக்கும். ஒப்பனைக்காரி பருவை மறைக்கத் தடித்த பூச்சுப் பூசுவாள். அப்பூச்சே துளைகளை அடைத்து மறுவாரம் புதிய பருக்களை எழுப்பும். அதன்பின் சில ஆண்டுகளில், "இந்தத் தழும்போட நாளைக்கு ஆர் வந்து பாக்கிறது?" என்னும் பேச்சுத் தொடங்கிவிடும். பதினைந்து வயதில் கணக்குப் பாடத்தோடு போராடும் பிள்ளைக்கு, இன்னும் வராத மாப்பிள்ளையின் கண்களும் பாரமாகின்றன.

கருநிறத் தோலினர்க்கு உரிய இன்னொரு துன்பத்தை மேனாட்டு நூல்கள் நெடுங்காலம் போதிய அளவு பேசவில்லை. வெண்ணிறத் தோலில் பரு ஆறினால் செந்நிறத் தடம் சில காலம் நின்று மறையும். எங்கள் தோலிலோ, அழற்சி பட்ட இடத்தில் மெலனின் மிகுந்து, கரும்புள்ளியாகப் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள்கூட, நிற்கின்றது. பரு பத்து நாளில் போய்விடும். அதன் நிழல் போவதில்லை. ஆகவே இங்குள்ள பிள்ளைகள் வைத்தியரிடம் முறையிடுவது பருவைப் பற்றியல்ல, கறுப்பைப் பற்றியே. கறுப்பு என்றவுடன் சிவப்பாக்கும் களிம்பு வியாபாரம் உள்ளே நுழைகின்றது. வெண்மையே அழகு என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தபின், 2020 இல் அவ்வகைக் களிம்புகளுள் பெயர்பெற்ற ஒன்று தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, அதனை நம்பி வளர்ந்த தாய்மாரின் மனம் அவ்வளவு விரைவில் மாறுமா என்பது ஐயமே. முகவரியும் உட்பொருளும் தெரியாத களிம்புகள் சிலவற்றில் இரசமும் ஸ்ரீரொயிட்டும் கலந்திருப்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்டுள்ளது.

தேசிய அடையாள அட்டையைப் பற்றியும் ஒரு சொல். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுவதற்காகப் பள்ளி மாணவர் அதனைப் பெறுகின்றனர். ஆகவே முகம் மிகவும் குழம்பிக்கிடக்கும் வயதிலேதான் அரசாங்கம் அதனைப் படம் பிடித்து, பல்லாண்டு காலம் சட்டைப்பையில் வைத்திருக்கும்படி கொடுக்கின்றது. அட்டையைக் காட்டும்போது பெயரின்மேல் விரலை வைப்பதுபோலப் படத்தின்மேல் விரலை வைத்து மறைக்கும் இளைஞரை வங்கிகளில் காணலாம்.

இத்துன்பம் பற்றி மருத்துவ உலகம் அறியாமலில்லை. 1948 ஆம் ஆண்டிலேயே சல்ஸ்பேகர், சைடன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், மனத்துக்கு ஊறும் தாழ்வுணர்ச்சியும் விளைவிப்பதில் முகப்பருவை விஞ்சும் நோய் வேறொன்று இருத்தல் அரிது என்ற கருத்துப்பட எழுதினர். 1999 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று, தோல்நோய்ப் பிரிவுக்கு வந்த பரு நோயாளரின் சமூக, மனத் துன்பங்கள், ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, மூட்டுவாதம் போன்ற நெடுநோயாளர் கூறும் துன்பங்களுக்குக் குறையாதவை எனக் காட்டியது. நியூசிலாந்தில் 9,567 பாடசாலை மாணவரிடம் நடத்தி 2006 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு 14 பேர் பருவைத் தமக்குரிய ஒரு பிரச்சினையாகவே குறிப்பிட்டனர். அவர்களிடையே மனச்சோர்வும் பதகளிப்பும் தற்கொலை முயற்சியும் ஏனையோரிலும் மிகுந்திருந்தன. ஒஸ்லோ நகரில் 18, 19 வயதினர் 3,775 பேரிடம் நடத்திய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. மிகுந்த பருவுடைய பெண்களிடம் தற்கொலை எண்ணம் ஏனைப் பெண்களைப்போல் இரு மடங்காகவும், ஆண்களிடம் மும்மடங்காகவும் அதிற் காணப்பட்டது. ஆண்பிள்ளைக்கு முகமென்ன முகம் என்போர் இந்தப் பின்னைய எண்ணைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும்.

எனினும் இவ்வகை ஆய்வுகளை வாசிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. பருவினால் மனம் சோர்ந்ததா, சோர்ந்த மனம் சிறு பருவையும் பெரிதாகக் கண்டதா என்பதை ஒரே வேளையில் நிரப்பிய வினாத்தாள் ஒன்று பிரித்துக் காட்டாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இதற்குப் பரீட்சைக் காலம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவரை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட சிற்றாய்வும், சிங்கப்பூரில் 94 பாடசாலை மாணவரை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட ஆய்வும், பரீட்சை நெருங்கும்போது மன இறுக்கம் கூடக் கூடப் பருவின் கடுமையும் கூடுவதைக் கண்டன. உயர்தரப் பரீட்சை ஒன்றே வாழ்வின் வாயில் என்று பிள்ளைகளை ஓட்டும் இந்நாட்டில், விடியற்காலையில் ஒரு தனியார் வகுப்பு, மாலையில் இன்னொன்று, இரவு பன்னிரண்டு வரை படிப்பு என்று வாழும் பிள்ளையின் முகத்தை அயலவர் பார்த்துவிட்டு, "எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறை" என்கின்றனர்.

உணவைப் பற்றிய பேச்சு முழுவதும் பொய்யென்றும் கொள்ளற்க. 1969 இல் சொக்கிலேற்றை வைத்து 65 பேரிடம் நடத்திய அமெரிக்கச் சோதனை, அதற்கும் பருவுக்கும் தொடர்பில்லை என முடிவு கூறியது. அதன்பின் மருத்துவர் பலர் உணவென்னும் பேச்சையே கேலியாகக் கருதினர். அச்சோதனையின் குறைகள் பின்னரே சுட்டிக்காட்டப்பட்டன. பப்புவா நியூகினியின் கிற்றாவாத் தீவினரையும் பராகுவேயின் ஆச்சே பழங்குடியினரையும் பரிசோதித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில் ஒருவரிடமேனும் பரு காணப்படவில்லை. குருதியில் வெல்லத்தை விரைந்து ஏற்றும் உணவைக் குறைத்தால் பரு ஓரளவு தணியும் என்று பின்வந்த சோதனைகள் சில கூறுகின்றன. இனிப்புப் பானத்துக்கு இதிற் பங்கிருக்கலாம். பெரியப்பா சொன்ன உறைப்புக்கு அத்தகைய சான்று காட்டப்படவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு முன்னைய தலைமுறை அறியாத ஒரு கண்ணாடியும் உண்டு. கைத்தொலைபேசியின் படக்கருவி முகத்தின் துளைகளையெல்லாம் தானே மெழுகிவிடுகின்றது. மெழுகிய முகத்தை நண்பர்களுக்கு அனுப்பியவள், மறுநாள் மெழுகாத முகத்தோடு அதே நண்பர்கள் முன் நிற்க வேண்டியவளாகின்றாள். பிறர் முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டு நொந்த காலம் போய், தன் முகத்தோடே தன் முகத்தை ஒப்பிட்டு நோகும் காலம் வந்துள்ளது.

மருந்து இல்லாத நோயன்று இது. பென்சோயில் பெரொட்சைட்டு, ரெற்றினோயிட்டு வகைக் களிம்புகள், தேவையேற்படின் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் எனப் படிப்படியாகச் சிகிச்சை உண்டு. கடுமையான வகைக்கு, அமெரிக்காவில் 1982 இல் ஒப்புதல் பெற்ற ஐசோரெற்றினோயின் பெரும்பயன் தருகின்றது. அதனைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்டால் சிசுவுக்குப் பெருங்கேடு விளையும். உட்கொள்வோரின் மனநிலையையும் வைத்தியர் கவனித்துவருவர். இவற்றுள் எதுவும் பத்து நாளில் பயன் தராது. முதல் வாரங்களில் தோல் எரிந்து உரியவும் கூடும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தாலன்றி மாற்றம் தெரியாது. பதினாறு வயதுக்கு மூன்று மாதம் என்பது ஒரு யுகம். பிள்ளை மருந்தை இடையிலே கைவிடுவதும், மருந்துக்கடைக் குழாய் வெல்வதும் இவ்விடத்திலேயே. 'வயசுக்கு வாறது, தானாய்ப் போயிடும்' என்று காத்திருக்கும் வீட்டில், பரு போகுமுன் குழி விழுந்துவிடுகின்றது.

பருவின் எண்ணிக்கையும் மனத்தின் பாரமும் ஒத்துச் செல்வதில்லை என்பதைத் தோல்நோய் வைத்தியர் நன்கறிவர். முகம் நிறைந்த பருவோடு சிரித்து விளையாடித் திரிபவனும் உண்டு; மூன்றே பருக்களுக்காகக் கதவைப் பூட்டிக்கொள்பவளும் உண்டு. ஆதலால் எண்ணுவதை மட்டும் நம்பாது கேட்டும் அறிதல் வேண்டும் என்பதற்காக வேல்சு நாட்டின் கார்டிவ் நகரில் ஐந்தே வினாக்கள் கொண்ட சிறுதாள் ஒன்று உருவாக்கப்பட்டது. கோபமோ கூச்சமோ வந்ததா, நண்பரோடு பழகுவது தடைப்பட்டதா, பிறர் முன் உடம்பு தெரிய நிற்பதைத் தவிர்த்ததுண்டா, தோலைப் பற்றி எவ்வாறு எண்ணுகின்றீர், இப்போது எவ்வளவு மோசம் என்பனபோன்ற வினாக்கள் அவை. நிரப்புவதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆயின், பக்கத்தில் இருக்கும் தாயோ தந்தையோ எட்டிப்பார்த்து, "அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர், இவள் நல்லாத்தான் இருக்கிறாள்" என்று பிள்ளைக்கு முந்தி விடை சொல்லிவிடுவதுண்டு. அதனால், தாளைக் கையிற் கொடுத்தபின் உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கும்படி கூறும் வைத்தியரும் உளர்.